பச்சைத் திரையும் மூன்றங்குல டிஸ்க்கும்: ஆம்ஸ்ட்ராட் பிசிடபிள்யூவிலிருந்து எழுத்தை மீட்பது

1985-இல் எழுதுவதற்கென்றே வந்த பிரிட்டிஷ் கணினியான ஆம்ஸ்ட்ராட் பிசிடபிள்யூ 8256-இன் சுவிட்சைப் போட்டால் திரை முழுக்கப் பளீரென்று பச்சை பரவும். ஓர் எழுத்து வராது, கர்சர் மின்னாது. பெட்டி பழுது என்று நினைத்துவிட வேண்டாம். அது டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. அதே காலத்துப் பிரிட்டிஷ் வீட்டுக் கணினிகளான சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்திலும் பிபிசி மைக்ரோவிலும் சுவிட்சைப் போட்டதுமே ரோம் என்ற அழியா நினைவகச் சிப்பிலிருந்து பேசிக் என்ற நிரல் மொழி எழுந்து வந்துவிடும். பிசிடபிள்யூவில் அப்படி ஒரு ரோம் சிப்பை வைக்கவே இல்லை. தொடங்குவதற்கு வேண்டிய 256 பைட் நிரல், பிரிண்டரை ஓட்ட வைத்த 8041 என்ற சிறு சிப்புக்குள் இருக்கிறது. டிஸ்க்கின் முதல் டிராக்கில் (வட்டப் பாதையில்) முதல் செக்டரை (அந்தப் பாதையின் ஒரு துண்டை) படித்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு அந்தப் பெட்டி தட்டச்சுக்காரர் ஆகுமா கணக்குப்பிள்ளை ஆகுமா என்பது நீங்கள் செருகும் டிஸ்க்கைப் பொறுத்தது.

1985 செப்டம்பரில் இது வெளிவந்தபோது விலை 399 பவுண்டு. 15 சதவீத வரியும் சேர்ந்தால் 458 பவுண்டு 85 பென்ஸ். திரை, டிரைவ், கீபோர்டு, பிரிண்டர், சொல்செயலி எல்லாம் அதற்குள் அடக்கம். ஆலன் சுகரின் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் பெட்டியைச் செய்தது. சர்ரேயில் டார்க்கிங் ஊரிலிருந்த லோகோமோட்டிவ் சாஃப்ட்வேர் அதற்கான மென்பொருளை எழுதியது; அதன் சொல்செயலிக்குப் பெயர் லோகோஸ்கிரிப்ட். தயாரிப்பில் இருந்தபோது இயந்திரத்துக்கு வைத்திருந்த பெயர் ஜாய்ஸ். அது சுகரின் செயலாளருடைய பெயர். ஒரு கடிதமோ கட்டுரையோ நாவலோ எழுத வேண்டும், காகிதத்தில் அச்சிட வேண்டும், அதற்காகக் கணினி படிக்க நேரமில்லை என்கிறவருக்காகச் செய்த பெட்டி இது. வன்பொருளும் மென்பொருளும் ஒரே கை பின்னிய பின்னலாக இருப்பதுதான் இதன் அழகு என்பேன். இன்று ஒரு பழைய டிஸ்க்கிலிருந்து எழுத்தை வெளியே எடுக்க முயன்றால் சிக்கல் தருவதும் அதே பின்னல்தான். எங்கே எது முடிச்சுப் போட்டிருக்கிறது என்று தெரிந்தால் அவிழ்ப்பது கடினமில்லை.

லோகோஸ்கிரிப்ட்

உள்ளே இருப்பது 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலியும் 256 கிலோபைட் நினைவகமும். 8512 மாடலில் நினைவகம் 512. திரை அகலவாக்கில் 720 புள்ளி, உயரவாக்கில் 256 புள்ளி. அதாவது 90 எழுத்து வீதம் 32 வரி. அன்று பல வீட்டுக் கணினிகள் 40 எழுத்தோடு நின்றுவிட்டன. ஏ4 தாளின் ஒரு வரி மடங்காமல் அப்படியே திரையில் தெரிந்தது எழுதுகிறவருக்கு எத்தனை பெரிய வசதி!

இவ்வளவு பெரிய திரையை இத்தனை மெதுவான செயலி எப்படி உருட்டியது என்பது நின்று பார்க்க வேண்டிய இடம். திரைக்கு மட்டும் 23,040 பைட் வேண்டும். ஒவ்வொரு முறை வரி மேலே ஏறும்போதும் அத்தனையையும் நகர்த்தினால் இசட்80 திணறிவிடும். அதனால் 256 புள்ளிவரிசைகளுக்கும் ஆளுக்கு 2 பைட் வீதம் 512 பைட்டில் ஒரு முகவரி அட்டவணை வைத்தார்கள். எந்த வரிசையின் படம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதை அந்த அட்டவணை சொல்லும். திரையை உருட்ட வேண்டுமா, படத்தைத் தொடாமல் அட்டவணையைச் சுழற்றினால் போதும்.

கீபோர்டிலும் இதே அக்கறை தெரியும். வெட்ட ஒரு விசை, நகலெடுக்க ஒரு விசை, ஒட்ட ஒரு விசை. கண்ட்ரோலோடு இன்னோர் எழுத்தைச் சேர்த்து அழுத்தும் வித்தையெல்லாம் தேவையில்லை. நகலெடுக்கும்போது 0 முதல் 9 வரை ஓர் எண்ணை அழுத்தினால் அந்தத் துண்டு அந்த எண்ணில் நிற்கும்; ஆங்கில எழுத்தை அழுத்தினால் அடிக்கடி வரும் சொற்றொடராகச் சேமிக்கப்படும். தடிமனாக்கக் கூட்டல் விசை, அதை நிறுத்தக் கழித்தல் விசை. கூட்டலை அழுத்திக் கொஞ்சம் தயங்கினால் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் தானாக விரியும். விசை மனப்பாடமானவர் தயங்காமல் அடுத்த எழுத்தை அடித்தால் பட்டியல் குறுக்கே வராது. கற்றுக்கொள்கிறவரையும் தேர்ந்தவரையும் ஒரே திரையில் இப்படி உட்காரவைத்தது பெரிய வேலை.

ஆவணங்கள் 0 முதல் 7 வரை எட்டுக் குழுக்களாகப் பிரிந்திருக்கும். குழு ஒன்றுக்கு ஒரு மாதிரிக் கோப்பு வைக்கலாம். சிறு கடைக்காரர் ஒருவர் கடிதத்துக்கு ஒரு குழு, பில்லுக்கு ஒரு குழு என்று வைத்து, கடைப்பெயரும் ஓர இடைவெளியும் கொண்ட மாதிரியை அந்தந்தக் குழுவில் போட்டுவிட்டால் போதும். புதிய ஆவணம் தொடங்கும்போதெல்லாம் அந்தத் தலைப்பு தானாக வந்து நிற்கும்.

பிரிண்டருக்கென்று சொந்த மூளை கிடையாது. ஊசிகளை எப்போது அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் 8041 தான் சொல்கிறது. சாதாரணத் தரத்தில் நொடிக்கு 90 எழுத்து, உயர்தரத்தில் 20. விலை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பிரிண்டரை வேறு கணினியில் மாட்ட முடியாததற்கும் இதுவே காரணம். வேறு பிரிண்டரை இதில் மாட்டவோ, இன்னொரு கணினியோடு பேசவோ வேண்டுமானால் பின்பக்கம் சிபிஎஸ் 8256 என்ற இணைப்புப் பெட்டியைச் செருக வேண்டும். அதில் ஒரு சீரியல் வாய், ஒரு பேரலல் வாய். மின்சாரத்தை அணைத்த பிறகே அதைச் செருகவும் எடுக்கவும் வேண்டும்.

முதல் பதிப்பின் பெரிய குறை, டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் வசதி லோகோஸ்கிரிப்ட்டுக்குள் இல்லாதது. புது டிஸ்க் வேண்டுமானால் எழுதுவதை மூடிவிட்டு, சிபி/எம் என்ற பொதுவான இயக்க முறைமையின் டிஸ்க்கைப் போட்டுத் திரும்பத் தொடங்கி, டிஸ்க்கிட் என்ற நிரலை ஓட்ட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் நிரம்பி, கைவசம் ஃபார்மட் செய்த டிஸ்க் இல்லையென்றால் தவிப்புதான். இரண்டாம் பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். முதல் பதிப்பை இன்று ஓட்டுகிறவர்கள் உட்காரும் முன்பே இரண்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

173 கிலோபைட்டும் திரிசங்கு உலகமும்

ஏ டிரைவின் மூன்றங்குல டிஸ்க்கில் ஒரு பக்கத்துக்கு 40 டிராக். டிராக்குக்கு 9 செக்டர், செக்டருக்கு 512 பைட். மொத்தம் 1,84,320 பைட், அதாவது 180 கிலோபைட். முதல் டிராக் தொடங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டது. அது போக 175 கிலோபைட். அதில் கோப்புப் பட்டியலுக்கு 2 போனால் எழுத்துக்கு 173. படிக்கும் முனை ஒன்றே என்பதால் மறுபக்கம் வேண்டுமானால் டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். 8512-இல் இருக்கும் பி டிரைவ் இரு பக்கமும் படிக்கும். 80 டிராக் வீதம் 720 கிலோபைட், அதில் எழுத்துக்கு 706. பி டிரைவ் 180 கிலோபைட் டிஸ்க்கைப் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. 720 டிஸ்க்கை ஏ டிரைவால் படிக்கவே முடியாது.

173 என்பது காகிதக் கணக்கு. திருத்தும்போது லோகோஸ்கிரிப்ட் புதிய பிரதியைப் பழைய பிரதிக்குப் பக்கத்திலேயே எழுதுகிறது. ஆகவே 100 கிலோபைட் ஆவணத்தைத் திறந்து திருத்தினால் டிஸ்க்கில் இன்னொரு 100 இருக்காது. இடமில்லை என்ற செய்தி நடுவில் வந்து நிற்கும். அப்போது பதறி டிஸ்க்கை உருவக் கூடாது, மின்சாரத்தை அணைக்கவும் கூடாது. அங்கேயே கோப்பு மேலாளரைத் திறக்கும் வழியை அது காட்டும். வேண்டாத கோப்பை அழித்துவிட்டோ வேறிடத்துக்கு மாற்றிவிட்டோ வந்தால் சேமிப்பு தொடரும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஆவணம் நீண்டால் முதல் பதிப்பு கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சேரும் வேகமும் குறையும்.

சேமித்து முடித்ததும் பழைய பிரதி உடனே அழியாது. லிம்போ என்ற இடத்துக்குப் போகும். சொர்க்கத்துக்கும் போகாமல் பூமிக்கும் திரும்பாமல் நடுவில் தொங்கிய திரிசங்குவை நினைத்துக்கொள்ளுங்கள். அழித்த கோப்பும் அங்கேதான் போகும். டிஸ்க்கில் இடம் தட்டும்போது மென்பொருள் அவற்றைத் தானே அப்புறப்படுத்தும். அதுவரை பட்டியலில் காட்டச் சொல்லி மீட்டுக்கொள்ளலாம். இதன் சூட்சுமம் எளிது. சிபி/எம் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 0 முதல் 15 வரை ஒரு பயனர் எண் உண்டு. முதல் எட்டு எண்களையும் லோகோஸ்கிரிப்ட் தன் எட்டுக் குழுக்களுக்கு எடுத்துக்கொண்டது. 8 முதல் 15 வரை அந்தந்தக் குழுவின் லிம்போ. குழு 0-இன் லிம்போ எண் 8, குழு 3-இன் லிம்போ எண் 11. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நினைவகத்தில் மிஞ்சிய பகுதி எம் டிரைவ். 8256-இல் 112 கிலோபைட், 8512-இல் 368. ஓசையே இல்லாமல் கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடியும். சுவிட்சை அணைத்தால் அதிலுள்ள எல்லாம் போய்விடும். அணைக்கும் முன் எம்-இல் உள்ளதை ஏ-க்கு நகலெடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இழந்ததில் பெரும்பகுதி இங்கேதான்.

டிஸ்க்கை மாற்றியதும் முதல் பதிப்பில் எஃப்1 விசையையும் இரண்டாம் பதிப்பில் எஃப்7 விசையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அப்போதுதான் திரையில் இருக்கும் பட்டியல் புதிய டிஸ்க்கினுடையதாக மாறும்.

மறுபக்கத்திலிருந்த அலுவலகம்

பெட்டியோடு வந்த இரண்டு டிஸ்க்குக்கு நான்கு பக்கம். ஒன்றில் லோகோஸ்கிரிப்ட், மற்றவற்றில் சிபி/எம் பிளஸ், அதன் கருவிகள், மல்லார்ட் பேசிக், டாக்டர் லோகோ என்ற நிரல் மொழிகள். லோகோஸ்கிரிப்ட் சிபி/எம்-இன் மேல் ஓடுவதில்லை. தன்னந்தனியாகத் தொடங்கி ஓடுவது; டிஸ்க்கின் அமைப்பை மட்டும் சிபி/எம்-இடமிருந்து எடுத்துக்கொண்டது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, டிஸ்க்கை மாற்றிவிட்டு ஷிஃப்ட், எக்ஸ்ட்ரா, எக்ஸிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி இயந்திரத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும். டிஸ்க் பிடித்துக்கொண்டால் பச்சைத் திரையில் கிடைக்கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கிவரும். பிடிக்கவில்லையென்றால் மூன்று முறை கீச்சிடும். வேறு டிஸ்க்கைப் போட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள்.

நல்ல டிஸ்க்கும் கீச்சிட ஒரு காரணம் உண்டு. முதல் செக்டரின் 512 பைட்டையும் கூட்டி 256-ஆல் வகுத்தால் வரும் மீதியை இயந்திரம் பார்க்கிறது. 8256-க்கும் 8512-க்கும் அது 255 ஆக இருக்க வேண்டும். 1987-இல் வந்த 9512-க்கு 1. ஒரு மாடலின் தொடக்க டிஸ்க் மற்றதில் எழுந்திருக்காததற்கு இதுவே காரணம். டிஸ்க் கெட்டதாக முடிவுகட்ட வேண்டாம். உங்கள் ஆவணங்கள் இருக்கும் டிஸ்க்குக்கு இந்தச் சோதனை கிடையாது.

சிறு தொழில் நடத்தியவர்களுக்கு சிபி/எம் பக்கம் ஒரு கடைத்தெருவையே திறந்துவிட்டது. சூப்பர்கால்க் 2 என்ற கணக்கு அட்டவணை நிரல், சேஜ் நிறுவனத்தின் கணக்கு நிரல்கள், கார்டுபெட்டி போல முகவரி வைக்கும் நிரல்கள் எல்லாம் கிடைத்தன. நிரலுக்கு 61 கிலோபைட் இடம் கிடைக்கும். சிபி/எம் உலகில் அது தாராளம். வேறு இயந்திரத்துக்காக எழுதிய நிரலை நிறுவும்போது எந்த டெர்மினல் (திரையும் கீபோர்டும் சேர்ந்த முனையம்) என்று கேட்டால் விடி52 அல்லது ஜெனித் இசட்19 என்று சொல்லுங்கள். சில நிரல்கள் 24 வரியையும் 80 எழுத்தையும் தாண்டினால் குழம்பிவிடும். அவற்றை ஓட்டும் முன் செட்24எக்ஸ்80 என்ற நிரலை ஓட்டித் திரையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். கர்சர் விசைகள் ஒத்துழைக்கவில்லையென்றால் செட்கீஸ் நிரலுக்கு கீஸ்.டபிள்யூபி கோப்பைக் கொடுத்து ஓட்டுங்கள்.

ஒரே டிரைவ் உள்ள 8256-இல் நிரலையும் தரவையும் மாறி மாறிச் செருகுவது பெரும்பாடு. அதற்கு அன்றே கண்டுபிடித்த வழிதான் இன்றும் சிறந்தது. தொடக்க டிஸ்க்கில் புரொஃபைல்.சப் என்ற கோப்பை வைத்தால், சப்மிட் நிரலும் அதே டிஸ்க்கில் இருக்கும்பட்சத்தில், அதிலுள்ள கட்டளைகள் தொடங்கியதும் தாமாக ஓடும். பிப் நிரலைக் கொண்டு சூப்பர்கால்க்கின் எல்லாக் கோப்பையும் எம்-க்கு நகலெடுக்க ஒரு வரி, எம்-க்கு மாற இன்னொரு வரி. அதன்பின் ஏ டிரைவ் தரவு டிஸ்க்குக்கு மட்டும். பெரிய அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றியதும் எல்லாம் திரும்பக் கணக்கிடப்பட்டுக் கை கட்டிப்போடும்; பொது அமைப்பில் தானியங்கிக் கணக்கீட்டை நிறுத்திவிட்டு, வேண்டும்போது ஆச்சரியக்குறியை அழுத்துங்கள்.

சொந்தமாகப் பேரேடு நிரல் எழுதியவர்களுக்கு மல்லார்ட் பேசிக் இருந்தது. 1938-இல் நீராவி ரயில் வேகச் சாதனை படைத்த மல்லார்ட் இன்ஜினின் பெயர். படம் வரைய ஒரு கட்டளைகூட இதில் கிடையாது. ஆனால் ஜெட்சம் என்ற கோப்பு முறை இருந்தது. வாடிக்கையாளர் பெயரையோ பில் எண்ணையோ திறவுகோலாகக் கொடுத்தால் ஆயிரம் பதிவிலிருந்தும் உரியதை நேராக எடுத்துத் தரும். தரவு ஒரு கோப்பிலும் அகரவரிசைச் சுட்டி இன்னொரு கோப்பிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகின்றன என்ற அடையாளம், நிரல் முறைப்படி மூடும்போதோ கன்சாலிடேட் கட்டளை கொடுக்கும்போதோதான் பதியும். நடுவில் மின்சாரம் போனால் அடையாளம் விழாது. அடுத்த முறை நிரல் அதைத் திறக்க மறுக்கும். ஆகையால் பேக்கப் எடுத்தால் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும், திரும்ப வைத்தாலும் சேர்த்தே வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைத் தரவோடு திங்கட்கிழமைச் சுட்டியை வைத்தால் நடேசன் கணக்கைக் கேட்டவருக்கு நாராயணன் கணக்கு வரும்.

இன்று எழுத்தை வெளியே எடுக்க

முதலில் பார்க்க வேண்டியது பெல்ட். ஏ டிரைவில் மோட்டாரிலிருந்து சுழல்தட்டுக்குச் சக்தியைக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட். இத்தனை ஆண்டில் அது தளர்ந்திருக்கும், அல்லது தாரைப் போல உருகி ஒட்டியிருக்கும். டிரைவ் விளக்கு எரிந்தும் டிஸ்க் சுழலவில்லை என்றாலோ, சுழன்றும் டிரைவ் தயாரில்லை என்ற செய்தி வந்தாலோ, பெரும்பாலும் பெல்ட்தான். பழைய பெல்ட்டோடு மதிப்புள்ள டிஸ்க்கைப் போட்டுச் சோதிக்க வேண்டாம்.

டிரைவ் இருப்பது படக்குழாய் இருக்கும் அதே கூட்டுக்குள். அங்கே உயர்மின்னழுத்தம் தேங்கி நிற்கும். பிளக்கை உருவி, குறைந்தது ஒரு நாள் விட்டுவிட்டுத் திறங்கள்; குழாயின் பக்கவாட்டில் ரப்பர் மூடி மாட்டிய தடித்த வயரையும் குழாயின் மெல்லிய கழுத்தையும் தொடாதீர்கள். இதில் பழக்கமில்லையென்றால் பழைய டிவி பழுதுபார்ப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். டிரைவைக் கழற்றி எடுத்தபின் மீதி வேலை பயமில்லாதது. சர்க்யூட் போர்டின் திருகுகளைத் தளர்த்தினால் அதன் கீழே பெல்ட் தெரியும். உருகியிருந்தால் மோட்டார் உருளையையும் பெரிய சக்கரத்தையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் கறுப்பு போகும்வரை துடைக்க வேண்டும். மிச்சம் ஒட்டியிருந்தால் புதுப் பெல்ட் வழுக்கும். இந்த டிரைவுக்கென்று விற்கும் தட்டை பெல்ட்டையே வாங்குங்கள். கையில் கிடைத்த ரப்பர் பேண்டு சீராகச் சுழற்றாது. படிக்கும் முனையை வேறொரு சுத்தமான குச்சியால் துடையுங்கள்.

சுழற்சி நிமிடத்துக்கு 300, அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லிநொடி. 297-க்கும் 303-க்கும் இடையில் நின்றால் நிம்மதியாக இருக்கலாம்.

டிஸ்க்கையும் பாருங்கள். மூடியைத் தள்ளி உள்ளே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சை வெண்புள்ளியாகத் தெரியும். அப்படி இருந்தால் டிரைவில் போடாதீர்கள். முனையில் ஒட்டி அடுத்த டிஸ்க்கையும் கெடுக்கும். நல்ல டிஸ்க்கில் மூலையிலுள்ள எழுத்துத் தடுப்புத் தாழை முதலில் நகர்த்துங்கள். பக்கத்துக்கு ஒரு தாழ் என்பதால் இரண்டையும்.

இனி இரண்டு வழி. இயந்திரம் முழுதாக ஓடினால், லோகோஸ்கிரிப்ட்டிலேயே ஆவணத்தை எந்தக் கணினியும் படிக்கும் எளிய எழுத்துக் கோப்பாக, அதாவது ஆஸ்கி கோப்பாக மாற்றலாம். முதல் பதிப்பில் இது கோப்புப் பட்டியல் திரையில் எஃப்7 பட்டியலுக்குள் இருக்கிறது. எளிய உரையா பக்கப் படிவமா என்று கேட்கும். எளிய உரை என்றால் பத்தி முடியும் இடத்தில் மட்டும் வரி உடையும். இன்றைய சொல்செயலியில் திறக்க அதுதான் தோது. பக்கப் படிவம் ஒவ்வொரு வரியையும் தாளில் இருந்தபடி உடைக்கும்; கவிதைக்கும் அட்டவணைக்கும் அது நல்லது. தடிமன், சாய்வு, அடிக்கோடு இரண்டிலும் போய்விடும். புதுக் கோப்பை எம் டிரைவில் உண்டாக்குங்கள், மூல டிஸ்க்கில் ஒரு பைட்டும் எழுத வேண்டாம். எம்-இல் இருப்பதை இயந்திரத்தைத் திரும்பத் தொடங்கும் முன்பே ஃபார்மட் செய்த வேறொரு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

அங்கிருந்து சிபிஎஸ் 8256 வழியாக இன்றைய கணினிக்கு. அதன் 25 ஊசி வாயிலிருந்து 9 ஊசி வாய்க்கு வயரைக் குறுக்காமல் நேராகவே கொடுக்க வேண்டும்: 2-க்கு 2, 3-க்கு 3. இரு பக்கமும் எண் ஒன்றாக இருந்தாலும் அனுப்பும் ஊசியும் வாங்கும் ஊசியும் 9 ஊசி வாயில் இடம் மாறியிருப்பதால் குறுக்கு தானாகவே விழுந்துவிடுகிறது. தரை 7-இலிருந்து 5-க்கு. கட்டுப்பாட்டுக் கம்பிகள் 4-இலிருந்து 8-க்கும், 5-இலிருந்து 7-க்கும். சிபி/எம்-இல் செட்சியோ நிரலால் வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வையுங்கள், மறுமுனையிலும் அதேபோல். பிப் நிரலில் ஆக்ஸ் சாதனத்துக்கு, அதாவது சீரியல் வாய்க்குக் கோப்பை அனுப்பினால் நொடிக்கு 960 எழுத்து வீதம், ஒரு பக்கம் நிறைந்த டிஸ்க்குக்கும் 3 நிமிடம் சொச்சம்தான். எழுத்து நடுநடுவே விழுந்துபோனால் கட்டுப்பாட்டுக் கம்பியைச் சோதியுங்கள், இல்லையேல் வேகத்தை 2400-க்கு இறக்குங்கள்.

டிஸ்க் நிறைய இருந்தாலோ பழையதாகிப் பிழை காட்டினாலோ இரண்டாம் வழியே மேல்: மூன்றங்குல டிரைவைக் கழற்றி, கிரீஸ்வீசல் போன்ற கருவி வழியாக இன்றைய கணினியோடு இணைத்து, காந்தத் துடிப்பையே அப்படியே பதிவெடுப்பது. ரிப்பன் கேபிள் இந்த டிரைவில் 26 ஊசி; கருவியில் 34. இரண்டுக்கும் இடையில் மாற்று கேபிள் வேண்டும். இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து. மின்சாரம் தரும் 4 ஊசி இணைப்பான் பார்வைக்குச் சாதாரண டிரைவில் இருப்பதைப் போலவே இருக்கும். ஆனால் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இடம் மாறியிருக்கும். சாதாரண வயரை அப்படியே செருகினால் 12 வோல்ட் தர்க்கச் சிப்புகளுக்குள் பாய்ந்து டிரைவ் அந்த நொடியே கருகிவிடும். பிசிடபிள்யூவின் வயரை ஒரு புதிய மூன்றரை அங்குல டிரைவிலோ, டிரைவுக்குப் பதிலாக மாட்டும் கோடெக் என்ற யுஎஸ்பி கருவியிலோ செருகினாலும் அதே கதி. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு ஊசியையும் அளந்து உறுதிசெய்த பிறகே இணையுங்கள்.

இணைத்ததும் முதல் வேலை கருவியிலேயே சுழற்சி வேகத்தை அளப்பது. பிறகு பக்கத்துக்கு ஒரு பதிவு: டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு இரண்டாவது பதிவு, இரண்டுமே படிக்கும் முனை எண் 0-இல். பிழை வந்த டிராக்கை மட்டும் ஐந்தாறு முறை திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். முனை பக்கத்து டிராக்குக்குப் போய்த் திரும்பி வந்து படித்தால் பல நேரம் கிடைத்துவிடும். பதிவு கிடைத்ததும் டிஸ்க்கை உறையில் போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். இனி எல்லாச் சோதனையும் பதிவின் மேல்தான்.

1991-இல் வந்த 9256 போன்ற பிந்தைய மாடல்களில் மூன்றரை அங்குல டிஸ்க். யுஎஸ்பி டிரைவில் போட்டால் விண்டோஸ் உடனே, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். கேன்சல் செய்யுங்கள். டிஸ்க்கில் ஒன்றும் குறையில்லை, அது சிபி/எம் அமைப்பு என்பதால் விண்டோஸுக்குப் புரியவில்லை. லினக்ஸில் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகலெடுத்தால் 7,37,280 பைட் வர வேண்டும்; குறைந்தால் எங்கோ படிக்கவில்லை என்று அர்த்தம்.

பதிவிலிருந்து கோப்பைப் பிரிக்க, சிபி/எம் டிஸ்க் அமைப்பைப் படிக்கும் சிபிஎம்டூல்ஸ் என்ற மென்பொருள் போதும். அதற்கு டிஸ்க்கின் அளவுகளைச் சொல்ல வேண்டும்: செக்டர் 512, டிராக் 40, டிராக்குக்கு 9, தொகுதி 1024, பட்டியலில் 64 இடம், ஒதுக்கிய டிராக் 1. பெரிய டிஸ்க்குக்கு டிராக் 160, தொகுதி 2048, பட்டியலில் 256 இடம். ஒதுக்கிய டிராக்கை மறந்துவிட்டால் பட்டியலில் குப்பைப் பெயர்கள் வரும். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பதறும் முன் அதைப் பாருங்கள்.

வந்த கோப்பின் முதல் மூன்று எழுத்தை எடுத்துப் பாருங்கள். ஜே, ஓ, வை என்று இருந்தால் லோகோஸ்கிரிப்ட் முதல் பதிப்பு. டி, ஓ, சி என்று இருந்தால் இரண்டாம் பதிப்பு. அந்த ஜே ஓ வை ஜாய்ஸின் முதல் மூன்று எழுத்து. சிபி/எம்-இன் தொடக்கக் கோப்பின் பெயரும் ஜே என்றே தொடங்கும். பதிப்பைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் முதல் பதிப்பின் ஆவணத்தை இரண்டாம் பதிப்பில் திருத்திச் சேமித்துவிட்டால் முதல் பதிப்பு அதைத் திரும்பத் திறக்காது. பழைய இயந்திரத்தைப் போலவே இன்றைய கணினியில் நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரிலும் அப்படித்தான். ஜாய்ஸ் என்ற அதே பெயரில் ஓர் எமுலேட்டர் இருக்கிறது. உங்களிடமுள்ள தொடக்க டிஸ்க்கின் பதிவை அதில் ஓட்டி, ஆவணப் பதிவின் ஒரு நகலைக் கொடுத்து, மேலே சொன்ன ஆஸ்கி வழியை நிதானமாகச் செய்யலாம். தடிமன், சாய்வு எங்கெங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமானால் குறியீடுகளைக் காட்டச் சொல்லித் திரையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொடக்க டிஸ்க் இல்லாதவர்களும் கைவிட வேண்டாம். சாதாரண ஆங்கில எழுத்துகள் கோப்புக்குள் ஆஸ்கியாகவே இருக்கின்றன. நடுவில் கட்டுப்பாட்டுக் குறிகள் கலந்திருக்கும். அச்செழுத்தை மட்டும் பொறுக்கும் ஸ்டிரிங்ஸ் போன்ற கருவியால் வாக்கியங்களை அள்ளிவிடலாம். உச்சரிப்புக் குறி வைத்த எழுத்து வரும் இடத்தில் சொல் உடையும். அதைக் கையால் ஒட்ட வேண்டும். ஜெட்சம் தரவுக் கோப்பில் இந்த வழி பாதிதான் உதவும்: பெயரும் முகவரியும் படிக்கக் கிடைக்கும், தொகையோ 2, 4, 8 பைட் இருமக் குறியாக இருப்பதால் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும். கூடவே இருக்கும் பேசிக் நிரலையும் எடுத்து, பதிவின் எந்த இடத்தில் எந்த வகை எண் என்று பார்த்துத்தான் அவிழ்க்க வேண்டும்.

சிபிஎம்டூல்ஸ் தரும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பயனர் எண் இருக்கும். 0 முதல் 7 வரை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 8 முதல் 15 வரை உள்ளவை லிம்போ. கடைசியாகச் சேமிப்பதற்கு முந்தைய பிரதிகளும், உரியவர் அழித்த கடிதங்களும் அங்கே இருக்கும். டிஸ்க் உங்களுடையதானால் அவற்றையும் வேறொரு கோப்புறையில் எடுத்து வையுங்கள். மற்றவருடையதானால், அழித்தவை இன்னும் படிக்கும் நிலையில் இருக்கின்றன என்று அவரிடமோ குடும்பத்தாரிடமோ சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு திறங்கள்.